வீட்டில் படிக்கும் எம் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியமும் எழுத்தும்

இலண்டனின் கிழக்குப் பகுதியில் வாழும் எம்மவர் மத்தியில், பிள்ளையைப் பாடசாலையிலிருந்து விலக்கி வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் குடும்பங்கள் இப்போது ஆங்காங்கே இருக்கின்றன. காரணங்கள் பல. ஒரு பிள்ளை வகுப்பில் தொடர்ந்து கேலிக்கு உள்ளாகிறது. இன்னொரு பிள்ளைக்குக் காலையில் பாடசாலை வாசலைக் கண்டாலே வயிற்றைப் பிரட்டுகிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு வேண்டிய உதவி கிடைக்கவில்லை. பிரான்சிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்கு உடனே இடம் கிடைக்கவில்லை, கிடைத்த இடம் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது.

இப்படியான பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் எப்படியாவது சமாளிக்கலாம். ஆங்கில இலக்கியத்தை நாங்கள் எப்படிப் படிப்பிப்பது? எங்களுடைய ஆங்கிலமே வேலைத்தள ஆங்கிலம்தானே?"

ஃபாரஸ்ட் கேட்டில், வூட்கிரேஞ்ச் வீதிக்கு அருகிலுள்ள ஒரு வீட்டின் முன்னறையில், வாரம் இரண்டு காலைகள் ஆறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். தொழிலால் நான் கணக்காளன், படித்தது வர்த்தகம். ஆகவே இலக்கியப் பேராசிரியரின் பார்வையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது, பரீட்சை என்ன கேட்கிறது, ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த பெற்றோரால் என்ன செய்ய முடியும் என்பவற்றை மட்டும் எனக்குத் தெரிந்தவரை விளக்க முயல்கிறேன்.

சட்டத்தின் நிலை

இங்கிலாந்தில் கல்வி கட்டாயம், பாடசாலை கட்டாயமில்லை. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளையின் வயது, திறன், இயல்பு, விசேட தேவை ஆகியவற்றுக்குப் பொருத்தமான முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. அதைப் பாடசாலைக்கு அனுப்பியும் செய்யலாம், வேறு வழியிலும் செய்யலாம். அந்த "வேறு வழி" என்பதன் கீழ்தான் வீட்டுக்கல்வி வருகிறது.

சாதாரண பாடசாலையில் படிக்கும் பிள்ளையை விலக்குவதற்குத் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பாடசாலை பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கி உள்ளூராட்சிக்கு அறிவிக்கும். ஃபாரஸ்ட் கேட்டைப் பொறுத்தவரை அது நியூஹாம் கவுன்சில். கவுன்சிலின் ஏற்பாட்டில் விசேட பாடசாலையில் படிக்கும் பிள்ளையென்றால் கடிதம் மட்டும் போதாது, கவுன்சிலின் சம்மதமும் வேண்டும். 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட சிறுவர் நலன் மற்றும் பாடசாலைகள் சட்டமூலம், பாடசாலையில் இல்லாத பிள்ளைகளின் பதிவேட்டை ஒவ்வொரு உள்ளூராட்சியும் வைத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டுடன் வந்தது. எனவே கடிதம் எழுதுவதற்கு முன்னர் அன்றைய விதிமுறை என்ன என்று கவுன்சிலிடம் கேட்டறிவது நல்லது.

வீட்டுக்கல்வியில் தேசிய பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பிள்ளை பொருத்தமான கல்வி பெறுகிறதா என்று கவுன்சில் விசாரிக்கலாம். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும்படி கட்டளையிடும் அதிகாரமும் அதற்கு உண்டு. கவுன்சிலின் கடிதத்தைக் கண்டு எம்மவர் பயப்படுவதுண்டு, சிலர் பதிலே போடாமல் விடுவதும் உண்டு. பதில் போடாமல் விடுவதுதான் ஆபத்து. பிள்ளை வாசித்த புத்தகங்களின் பட்டியல், திகதியிட்ட எழுத்து மாதிரிகள், போன இடங்கள் என்பவற்றை ஒரு கோப்பில் மாதந்தோறும் சேர்த்து வைத்தால், கடிதம் வரும்போது பதில் தயாராக இருக்கும். வரிக் கணக்குக்குப் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைப்பது போன்ற வேலைதான் இது.

பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு வகுப்பு நடத்துவதென்றால் ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும. கட்டாயக் கல்வி வயதிலுள்ள ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் முழுநேரக் கல்வி கொடுத்தால் அது தனியார் பாடசாலையாகக் கணிக்கப்படும். பதிவு செய்யாமல் அதை நடத்துவது குற்றம். விசேட கல்வித் திட்டம் உள்ள பிள்ளையோ கவுன்சிலின் பராமரிப்பிலுள்ள பிள்ளையோ இருந்தால் ஒரு பிள்ளையே போதும். வாரத்துக்கு 18 மணித்தியாலங்களுக்கு மேற்பட்டால் முழுநேரமாகக் கருதப்படலாம் என்று கல்வித் திணைக்களத்தின் வழிகாட்டல் கூறுகிறது. எங்கள் வகுப்பு வாரம் நான்கு மணித்தியாலங்கள்தான். அதிலும் ஒரு தாயோ தந்தையோ எப்போதும் அறையில் இருப்பார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் அது நல்லது, படிப்புக்கும் நல்லது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றியும் மறைக்கக் கூடாது. வீட்டுக்கல்விக்கு அரசாங்கம் கொடுப்பனவு தருவதில்லை. புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் எங்கள் பையிலிருந்துதான் போகும். பாடசாலையில் கிடைத்த இலவச மதிய உணவும் நின்றுவிடும். பிள்ளைக் கொடுப்பனவு மாத்திரம் தொடரும். 16 வயதுக்கு முன்னரே வீட்டுக்கல்வி தொடங்கியிருந்தால் 16க்குப் பின்னர் வீட்டில் படிக்கும்போதும் அதைத் தொடர்ந்து பெறலாம்.

பரீட்சை என்ன கேட்கிறது

ஜி.சி.எஸ்.ஈ.யில் ஆங்கிலம் இரண்டு தனித்தனிப் பாடங்கள்: ஆங்கில மொழி, ஆங்கில இலக்கியம். புள்ளித்தரம் 9இலிருந்து 1வரை. மொழிப்பாடம்தான் அடிப்படை. ஆங்கிலத்தில் 4ஆம் தரம் கிடைக்காமல் 16 வயதில் அரச நிதியுள்ள கல்லூரிக்குப் போகும் பிள்ளை, அங்கும் ஆங்கிலத்தைத் தொடர்ந்து படித்தே ஆக வேண்டும்.

ஏ.கியூ.ஏ. சபையின் மொழிப் பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள், ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் மணித்தியாலம், ஒவ்வொன்றுக்கும் 80 புள்ளிகள். அவற்றில் பாதி வாசிப்புக்கு, பாதி எழுத்துக்கு. முதலாவது தாளில் ஒரு கதைப்பகுதியை வாசித்துப் பதில் சொல்லிவிட்டு, ஒரு வர்ணனையோ கதையோ எழுத வேண்டும். இரண்டாவது தாளில் இரண்டு கட்டுரைப் பகுதிகளை ஒப்பிட்டுவிட்டு, ஒரு விடயத்தில் தன் கருத்தை வாதாடி எழுத வேண்டும். எழுத்துக்குரிய 40 புள்ளிகளில் 24 உள்ளடக்கத்துக்கும் ஒழுங்குக்கும், 16 எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, வசன அமைப்பு ஆகியவற்றுக்கும் போகின்றன. "பிழையில்லாமல் எழுது" என்று மட்டும் பிள்ளையை விரட்டும் பெற்றோர் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். சொல்ல விடயம் இல்லாத பிழையற்ற எழுத்து அரைவழிதான் போகும்.

இலக்கியப் பரீட்சையில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று, 19ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்று, நவீன நாடகம் அல்லது நாவல் ஒன்று, கவிதைத் தொகுதி ஒன்று, அத்துடன் முன்பு பார்க்காத கவிதைகள். புத்தகத்தை மண்டபத்துக்குள் கொண்டுபோக முடியாது.

வீட்டில் படிக்கும் பிள்ளை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற வேண்டும். தனிப்பட்டவர்களை ஏற்கும் நிலையத்தைப் பெற்றோரே தேடிப் பதிய வேண்டும். எல்லாப் பாடசாலைகளும் ஏற்பதில்லை. ஜி.சி.எஸ்.ஈ. மொழிப்பாடத்துடன் ஒரு பேச்சுத் தேர்வும் இருக்கிறது. அது தனியாகப் பதியப்படுமே தவிர 9 முதல் 1 வரையான தரத்தைப் பாதிக்காது. பல வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பியர்சன் எடெக்செல் அல்லது கேம்பிரிட்ஜ் நடத்தும் ஐ.ஜி.சி.எஸ்.ஈ.யைத் தெரிவு செய்கின்றன. அதில் வகுப்பு வேலைக்குப் பதிலாக முழுவதையும் எழுத்துப் பரீட்சையாக எடுக்கும் வழி உண்டு. எந்தச் சபை, எந்தப் பாடக்குறியீடு என்று முடிவெடுத்த பின்னரே புத்தகம் வாங்குங்கள். ஒரு சபையின் கவிதைத் தொகுதியைப் படித்துவிட்டு மற்றச் சபையின் தாளுக்கு முன்னால் இருப்பதால் பயனில்லை.

கதைக்குள் இருக்கும் கணக்கு

இனி இலக்கியத்துக்கு வருவோம். பழைய ஆங்கில நூலைக் கண்டதும் பிள்ளைகள் சலிப்படைவதற்கு மொழி மட்டும் காரணமல்ல. அங்கே என்ன பிரச்சினை நடக்கிறது என்பது பிடிபடாததும் ஒரு காரணம். நான் பணத்திலிருந்து தொடங்குகிறேன். பணம் எல்லாப் பிள்ளைகளுக்கும் விளங்கும், அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

சார்ள்ஸ் டிக்கன்ஸின் "எ கிறிஸ்மஸ் கரோல்" 1843 டிசம்பரில் வெளிவந்தது. அதில் ஸ்குரூஜ் என்ற கஞ்ச முதலாளியின் கந்தோரில் பொப் கிராச்சிட் எழுதுவினைஞர். சம்பளம் வாரம் 15 ஷில்லிங். வீட்டில் கணவன், மனைவி, ஆறு பிள்ளைகள், மொத்தம் எட்டுப் பேர். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண் என்ற பழைய கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்தச் சம்பளத்தை எட்டாகப் பிரிக்கச் சொன்னேன். தலைக்கு ஒரு ஷில்லிங் பத்தரைப் பென்ஸ். வருடத்துக்கு மொத்தம் 39 பவுண். அதில் வாடகை, நிலக்கரி, உணவு, கால் ஏலாத கடைசி மகனின் வைத்தியம் எல்லாம் அடங்க வேண்டும். மூத்த மகள் ஏன் சிறு வயதிலேயே வேலைக்குப் போகிறாள் என்று அதன் பிறகு எவரும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும், "அங்கிள், அப்ப அந்தக் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு அவை எத்தனை கிழமை சேர்த்திருப்பினம்?" என்று கேட்டது. இலக்கிய விமர்சனம் அந்தக் கேள்வியில் தொடங்கிவிட்டது.

ஃபாரஸ்ட் கேட்டில் இருப்பவர்களுக்கு இந்த நூலைப் படிப்பிக்க இன்னொரு வசதி உண்டு. ஃபாரஸ்ட் லேனில் அந்தக் காலத்தில் ஏழைச் சட்டத்தின் கீழ் நடந்த ஒரு கைத்தொழிற் பாடசாலை இருந்தது. வறிய வீடுகளில் சேர்க்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளை அங்கே வைத்திருந்தார்கள். 1890ஆம் ஆண்டு புத்தாண்டு நாளின் அதிகாலையில் அங்கு ஏற்பட்ட தீயில் 26 சிறுவர்கள் இறந்தார்கள். டிக்கன்ஸ் எழுதி 46 வருடங்களுக்குப் பின்னர் நடந்தது இது. அந்த வீதியால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து போனால், வறியவர்களுக்கென்று வேறு கட்டடங்கள் இருக்கத்தானே செய்கின்றன என்று ஸ்குரூஜ் எண்ணுவதன் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. நூல் எழுதப்பட்ட காலச் சூழலை விடையில் இணைத்துக் காட்டுவதற்குப் பரீட்சையிலும் புள்ளி உண்டு.

ஜே.பி. பிரீஸ்ட்லியின் "அன் இன்ஸ்பெக்டர் கோல்ஸ்" 1945இல் முதன்முதலாகச் சோவியத் ஒன்றியத்தில் மேடையேறிய நாடகம். கதை நடப்பது 1912இல். தொழிற்சாலைப் பெண்கள் வாரச் சம்பளத்தை 22 ஷில்லிங் 6 பென்ஸிலிருந்து 25 ஷில்லிங்காகக் கூட்டித் தரும்படி கேட்கிறார்கள். முதலாளி மறுத்து, முன்னின்ற பெண்களை நிறுத்திவிடுகிறார். வேறுபாடு இரண்டரை ஷில்லிங், அதாவது நூற்றுக்கு 11 அளவில். அந்தப் பதினொரு வீதத்தை முதலாளியின் பக்கத்திலிருந்து ஒருவரும் தொழிலாளியின் பக்கத்திலிருந்து ஒருவரும் வாதாடும்படி பிள்ளைகளைப் பிரித்து விட்டேன். மொழிப் பரீட்சையின் இரண்டாம் தாளில் கேட்கும் கருத்துக் கட்டுரைக்கும் அதுவே பயிற்சியாயிற்று.

"வெனிஸ் வணிகன்" எம்மவருக்குப் புதிய கதையே அல்ல. நண்பனுக்கு உதவ அன்ரோனியோ 3000 டக்கற் கடன்படுகிறான், தவணை மூன்று மாதம், அவனுடைய முதல் எல்லாம் கடலில் போன கப்பல்களில் கிடக்கிறது. ஊரிலும் இங்கும் சீட்டுப் பிடித்தவர்கள், மற்றவருக்காகப் பிணை நின்றவர்கள் இதைக் கேட்டால் கதை எங்கே போகப் போகிறது என்று உடனே சொல்லிவிடுவார்கள். அறையில் இருந்த ஒரு தாய், தமிழில் கதையைக் கேட்டுவிட்டு, "கப்பல் வாறதுக்கு முதல் கையெழுத்து வைச்சது பிழைதானே?" என்றார். அன்ரோனியோவின் அளவுகடந்த நம்பிக்கையைப் பற்றி அந்த வாரம் பிள்ளைகள் எழுதிய பந்திகள் எல்லாம் அந்த வசனத்திலிருந்து பிறந்தவை. யூதனான ஷைலொக்கை மற்றவர்கள் நடத்தும் விதத்தையும் இங்கே பேசாமல் விட முடியாது. வேற்று மனிதனாக ஒரு நகரத்தில் வாழ்ந்து, அந்த நகரத்தின் சட்டத்தை மட்டும் நம்பி நிற்பவனின் கோபம் எங்கள் பிள்ளைகளுக்கு விளங்காத ஒன்றல்ல.

தமிழில் பேசி, ஆங்கிலத்தில் எழுதுதல்

ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த பெற்றோரின் பங்கு இங்கேதான் வருகிறது. ஒரு கதாபாத்திரம் செய்தது சரியா, அவள் ஏன் பொய் சொன்னாள், அந்த முடிவு நியாயமா என்பவற்றை யோசிக்க ஆங்கிலம் தேவையில்லை. பிள்ளை வாசித்த அத்தியாயத்தை இரவுச் சாப்பாட்டு மேசையில் உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். நீங்கள் "ஏன்?" என்றும் "அது எப்படி உனக்குத் தெரியும்?" என்றும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பிள்ளை புத்தகத்தைத் திறந்து ஒரு வரியைத் தேடிக் காட்டினால் அன்றைய பாடம் முடிந்தது.

அந்த இரண்டாவது கேள்விதான் இலக்கியக் கட்டுரையின் அடித்தளம். பற்றுச்சீட்டு இல்லாத செலவைக் கணக்கில் ஏற்ற முடியாது என்று எங்கள் தொழிலில் சொல்வோம். கட்டுரையும் அப்படித்தான். "ஸ்குரூஜ் தனிமையானவன்" என்பது ஒரு பதிவு. அதற்கு நூலிலிருந்து எடுத்த சிறு மேற்கோள் பற்றுச்சீட்டு. அந்த மேற்கோளிலுள்ள எந்தச் சொல் எப்படி அந்தக் கருத்தைத் தருகிறது என்ற விளக்கம்தான் கணக்காய்வு. கூற்று, சான்று, விளக்கம் என்ற மூன்றும் ஒரு பந்தியில் இருக்கிறதா என்று பார்க்க, ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த தந்தையாலும் முடியும். மேற்கோள் குறி எங்கே இருக்கிறது, அதற்குப் பிறகு எத்தனை வரி இருக்கிறது என்று பார்த்தாலே போதும். மேற்கோளுடன் பந்தி முடிந்துவிட்டால் விளக்கம் எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

மொழிப் பிழைகளில் சில எங்கள் தமிழிலிருந்து வருபவை. அவற்றைப் பிள்ளையின் கவலையீனம் என்று எண்ணக் கூடாது. தமிழில் "எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, வேலைக்குப் போனார்" என்று ஒரே வசனத்தில் நான்கு செயல்களைக் கோர்க்கலாம். வினையெச்சங்கள் அதைத் தாங்கும், கடைசி வினை வசனத்தை முடிக்கும். அதே ஓட்டத்தில் ஆங்கிலம் எழுதும் பிள்ளை, தனித்தனி வசனங்களாக நிற்க வேண்டியவற்றைக் காற்புள்ளியால் ஒட்டிவிடுகிறது. இங்கே பிறந்த பிள்ளைகளும் இதைச் செய்வார்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பத்து, பன்னிரண்டு வயதில் வந்த பிள்ளைக்கு "தி", "ஏ" என்ற சிறு சொற்கள் தவறிப் போகும், ஏனெனில் தமிழில் அவற்றுக்கு நேரான பயன்பாடு இல்லை. இன்னொன்று, கதை இறந்தகாலத்தில் தொடங்கி இடையில் நிகழ்காலத்துக்குத் தாவுவது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் சிவப்பு மையால் திருத்தினால் பிள்ளை எழுதுவதையே விட்டுவிடும். நான் இரண்டு கிழமைக்கு ஒரு பிழையை மட்டும் எடுக்கிறேன். அந்தக் காலத்தில் முற்றுப்புள்ளி என்றால் முற்றுப்புள்ளி மட்டும். பிள்ளை தான் எழுதியதை உரத்து வாசிக்க வேண்டும், மூச்சு முடியும் இடத்தில் வசனம் முடிகிறதா என்று தானே பார்க்க வேண்டும். எழுதுவது கையால் இருக்கட்டும். கணினி திருத்தித் தரும் வசனம் பிள்ளையின் கைக்கு வருவதில்லை, பரீட்சை மண்டபத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பேனாவும் தாளும்தான்.

வர்ணனை எழுதப் பழக்குவதற்கு வான்ஸ்டெட் பிளாட்ஸ் புல்வெளியை விட நல்ல வகுப்பறை எங்கள் பகுதியில் இல்லை. இலண்டன் மாநகரக் கோர்ப்பரேஷன் பராமரிக்கும் எப்பிங் வனத்தின் தென்பகுதி அது. வசந்த காலத்தில் வானம்பாடிகள் நிலத்தில் கூடு கட்டும் இடத்தை வேலியிட்டு மறைப்பார்கள். பிள்ளைகளை அங்கே பத்து நிமிடம் பேசாமல் நிற்க வைத்து, கண்டது மூன்று, கேட்டது மூன்று, மணந்தது ஒன்று என்று குறித்து வரச் சொல்வேன். "அழகான", "அற்புதமான" போன்ற சொற்களுக்கு அன்று தடை.

வாக்குமூலமும் கதையும்

அகதிக் குடும்பங்களில் எழுத்தைப் பற்றி ஒரு தனிப் பயம் உண்டு. இதைப் பற்றி எங்கள் சமூகத்தில் போதியளவு பேசுவதில்லை. பெற்றோராகிய எங்களில் பலர் இந்த நாட்டில் முதலில் எழுதிய, அல்லது எங்களுக்காக எழுதப்பட்ட நீண்ட ஆங்கில எழுத்து தஞ்ச விண்ணப்பத்துக்கான வாக்குமூலம். அதில் திகதி ஒன்று மாறினாலும் கேள்வி வரும். நேர்காணலில் சொன்னதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். சொல்லாமல் விட்டது பின்னர் பொய்யாகப் பார்க்கப்படலாம். இந்த அனுபவம் வீட்டுக்குள் தங்கிவிடுகிறது. பிள்ளை கதை எழுதிக்கொண்டு வந்தால், "இது எப்ப நடந்தது? இப்படி நடக்கவில்லையே? எங்கடை வீட்டு விசயத்தை ஏன் எழுதினாய்?" என்று எங்களை அறியாமலே விசாரணை நடத்துகிறோம்.

பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இந்த இரண்டு எழுத்துகளின் வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாக்குமூலம் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். கதைக்கு அந்தக் கடமை இல்லை. அம்மம்மாவின் கிணற்றடியை எடுத்து, காணாத ஒரு ஊரில் வைக்கலாம். நடக்காத ஒரு சந்திப்பை நடத்தலாம். பரீட்சையில் பிள்ளை எழுதும் கதை உண்மையா என்று எவரும் சரிபார்ப்பதில்லை.

மறுபக்கத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. "நீ ஈழத்துப் பிள்ளை, யுத்தத்தைப் பற்றி எழுது, புள்ளி கிடைக்கும்" என்று சொல்லும் ரியூசன் ஆசிரியர்களும் பெற்றோரும் இருக்கிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. பிள்ளை காணாத ஷெல் வீச்சை அரை மணித்தியாலத்தில் எழுதினால் அது தொலைக்காட்சியில் பார்த்த ஷெல் வீச்சாகத்தான் வரும். வீட்டில் உண்மையாகவே இழப்பு இருந்தால், அந்தப் புண்ணைப் புள்ளிக்காகக் கிளறுவது பிள்ளைக்கும் நல்லதல்ல, இறந்தவருக்கும் மரியாதையல்ல. பிள்ளை தானாகக் கேட்டால் பேசுங்கள். அது கேட்கும் அளவுக்குப் பேசுங்கள். அதை எழுதுவதா இல்லையா என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். கிறீன் ஸ்றீற் மீன்கடையில் அப்பா விலை பேசுவதைப் பற்றிய ஒரு பக்கத்திலும் எங்களுடைய வாழ்க்கை முழுதாக இருக்க முடியும்.

எம்மவரின் ஆங்கில நூல்கள்

பிள்ளைகள் தங்களைப் போன்றவர்களின் பெயரைப் புத்தக அட்டையில் காண வேண்டும். 1958 கலவரத்துக்குப் பின்னர் இலண்டன் வந்த அ. சிவானந்தன், இலங்கையில் வங்கி முகாமையாளராக இருந்தவர். இங்கே நூலகராகி, பின்னர் இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநரானார். மூன்று தலைமுறைகளின் கதையான "வென் மெமரி டைஸ்" நாவல் 1997இல் வந்தபோது அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அனுக் அருட்பிரகாசத்தின் "எ பாஸேஜ் நோர்த்" 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. வி.வி. கணேசானந்தனின் "பிரதர்லெஸ் நைற்" 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றது. இவை வளர்ந்தவர்களுக்கான நூல்கள். முதலில் பெற்றோரோ மூத்த பிள்ளைகளோ வாசித்துவிட்டு, பதினாறு வயதளவில் கொடுக்கலாம்.

ஏ.கியூ.ஏ. பாடத்திட்டத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு தாயையும் இங்கே வளர்ந்த இரண்டு மகள்மாரையும் பற்றிய வின்சம் பின்னொக்கின் "லீவ் டேக்கிங்" நாடகத்தை இப்போது தெரிவு செய்யலாம். அதன் தாய்க்கும் மகளுக்கும் இடையிலான சண்டைகள் ஈஸ்ட்ஹாமில் ஒரு தமிழ் வீட்டில் நடப்பவையாகவும் இருக்கலாம்.

ஆங்கிலத்தில் தேர்ந்தால் பிள்ளை தமிழை விட்டுப் போய்விடும் என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு பழைய செய்தி. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலக் கல்வி பெற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் அவரும் ஒருவர். அவர்தான் பின்னர் ஏட்டுச்சுவடிகளைத் தேடி, கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். தமிழ் வீட்டில் பேசப்பட்டு, அதில் யோசிக்கவும் செய்தால், ஆங்கிலம் அதைத் தள்ளிவிடாது.

ஒரு வாரத்துக்கான ஒழுங்கு

தொடங்க விரும்பும் குடும்பத்துக்கு நான் சொல்லும் ஒழுங்கு எளிமையானது. நாளுக்கு அரை மணித்தியாலம் வாசிப்பு, அதில் பாதி பிள்ளை உரத்து வாசிப்பது. வாரத்தில் இரண்டு இரவுகள் கதையைத் தமிழில் சொல்வது. ஒரு இலக்கியப் பந்தி, கூற்று, சான்று, விளக்கத்துடன். ஒரு சுதந்திரமான பக்கம், வர்ணனையோ கதையோ கருத்தோ. கிழமைக்கு மூன்று சிறு மேற்கோள்கள் மனனம். மாதம் ஒருமுறை நேரம் வைத்து ஒரு பழைய வினா. பழைய வினாத்தாள்களும் புள்ளித்திட்டங்களும் பரீட்சைச் சபைகளின் இணையத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. புத்தகங்களுக்கு நியூஹாம் நூலகங்கள் இருக்கின்றன, அங்கத்துவத்துக்குக் கட்டணமில்லை.

வீட்டுக்கல்வி எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். தாயும் தந்தையும் இரண்டு வேலை செய்யும் வீட்டில், பிள்ளை பகல் முழுவதும் தொலைபேசியுடன் தனியே இருந்தால் அதை வீட்டுக்கல்வி என்று சொல்ல முடியாது. பாடசாலையில் பிரச்சினை வந்தால் முதலில் பாடசாலையுடன் பேசுங்கள், எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பாடசாலையே "வீட்டில் வைத்துப் படிப்பியுங்கள்" என்று வற்புறுத்தினால் கடிதம் கொடுக்காதீர்கள். அந்த முடிவு பெற்றோருடையது, பாடசாலையுடையதல்ல. விலக்கிய பிறகு அதே பாடசாலையில் இடம் காத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை.

எல்லாவற்றையும் யோசித்த பின்னும் வீட்டில்தான் படிப்பிப்பது என்று முடிவெடுத்தால், ஆங்கிலத்துக்காக மட்டும் பின்வாங்க வேண்டாம். அருகிலுள்ள இரண்டு மூன்று குடும்பங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஆங்கிலம் தெரியும், இன்னொருவருக்கு நாடகம் பிடிக்கும், மூன்றாமவர் கதையை நன்றாகக் கேட்பார். அந்த மூன்றாமவர் இல்லாத வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுத ஒன்றும் இருக்காது.